ஃபயர் பிட் வாங்கப் போறியா? அக்கா சொல்றதைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போ

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கிக் குடிபோன தங்கைகளிடமிருந்து செப்டம்பர் கடைசியில் ஒரே மாதிரி போன் வரும். வெயில் இறங்கிவிட்டது, சாயங்காலம் வெளியே உட்காரலாம் போலிருக்கிறது, கடையில் ஒரு ஃபயர் பிட் பார்த்தேன், ரொம்ப அழகாக இருக்கிறது, வாங்கட்டுமா அக்கா?

வாங்கு. நல்ல ஆசைதான். டிவியை அணைத்துவிட்டுக் குடும்பமே ஒரு நெருப்பைச் சுற்றி உட்காருவதைப் போல சுகம் கிடையாது. ஆனால் அழகைக் கடைசியில் பார். முதலில் இடத்தைப் பார். இடம் முடிவானால் விறகா, கேஸா என்பது முடிவாகிவிடும். அது முடிவானால் எந்த பிட் என்பதில் பாதிக்கு மேல் முடிந்த மாதிரி. வட்டமா, சதுரமா, கறுப்பா, செம்பா என்கிற பேச்சுக்கு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதனால்தான் எத்தனையோ வீட்டு கராஜில் ஒரு ஃபயர் பிட், இரண்டே இரண்டு முறை மூட்டியதோடு, மூலையில் கிடக்கிறது.

டேப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போ

ஃபயர் பிட்டுக்கென்று நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் இங்கே இல்லை. ஊருக்கு ஊர், கவுண்டிக்குக் கவுண்டி மாறும். ஆனாலும் நிறைய ஊர்கள் இன்டர்நேஷனல் ஃபயர் கோடைத்தான் அடிப்படையாக வைத்திருக்கின்றன. அதன்படி, தரையில் கல் அடுக்கியோ குழி எடுத்தோ விறகு எரித்தால், வீட்டிலிருந்தும் தீப்பிடிக்கக்கூடிய எந்தப் பொருளிலிருந்தும் 25 அடி தள்ளி இருக்க வேண்டும். விறகுக் குவியல் 3 அடி அகலத்தையும் 2 அடி உயரத்தையும் தாண்டக் கூடாது. கடையில் வாங்கி நகர்த்தி வைக்கிற ரகத்துக்கு 15 அடி என்று கணக்கு. தனி வீடுகளுக்கு இந்த 15 அடியிலிருந்து அந்தக் கோடு விலக்குத் தருகிறது என்றாலும், பல ஊர்கள் தங்கள் விதியில் தனியாக ஒரு தூரத்தைச் சொல்லியிருக்கும். நெருப்பு அணையும்வரை ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கையெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாயோ தீயணைப்பானோ வேண்டும் என்பது கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் உண்டு.

இப்போது டேப்பைப் பிடித்து அளந்து பார். டாலஸைச் சுற்றி ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கம் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் பின்சுவரிலிருந்து வேலிவரை 30 அடி இருந்தாலே பெரிய விஷயம். அந்த வேலி ஆறடி உயர மரப்பலகை. வீட்டிலிருந்து 25 அடி தள்ளிப் போனால் வேலி ஐந்தடியில் நிற்கும். வேலியிலிருந்து தள்ளினால் சமையலறை ஜன்னல் முகத்தில் இடிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் கல் அடுக்கி விறகு எரிக்கிற ஆசையை விட்டுவிடத்தான் வேண்டும். அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டால் வருத்தம் ஒரு நாளோடு போகும். கட்டிவிட்டுத் தெரிந்துகொண்டால் செலவும் சேர்ந்து போகும்.

சில இடங்களுக்குத் தனி விதிகள் உண்டு. கலிபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், அதாவது ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கமெல்லாம், ‘ஸ்பேர் தி ஏர்’ அறிவிப்பு வந்த நாளில் வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் விறகு எரிக்கக் கூடாது. கேஸுக்குத் தடை இல்லை. டெக்சாஸில் மழை பொய்த்தால் கவுண்டிகள் ‘பர்ன் பேன்’ என்று எரிப்புத் தடை போடும். அது உன் பிட்டுக்குப் பொருந்துமா என்று கவுண்டி தளத்தில் பார்க்காமல் தீக்குச்சியைக் கிழிக்காதே. கனடாவில் இருக்கிற தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: டொரண்டோ நகருக்குள் திறந்தவெளியில் விறகு எரிப்பதற்கே அனுமதி இல்லை. அங்கே அங்கீகாரம் பெற்ற கேஸ் ரகம்தான் வழி. ஸ்கார்பரோவும் அந்த எல்லைக்குள்தான் வருகிறது.

எச்.ஓ.ஏ. என்கிற வீட்டுக்காரர் சங்கம் இருந்தால் அவர்களுடைய விதிப் புத்தகத்தையும் புரட்டு. நகர்த்தி வைக்கிற பிட்டை விட்டுவிட்டு, தரையோடு கட்டுகிற பிட்டுக்கு மட்டும் அனுமதி கேட்கிற சங்கங்கள் நிறைய. தரையைத் தோண்டுவதாக இருந்தால் சில நாள் முன்னாலேயே 811-க்குப் போன் செய். எந்த மாநிலத்திலிருந்தும் இதே எண்தான். கேஸ், மின்சாரம், கேபிள் பொது இணைப்புகள் எங்கே ஓடுகின்றன என்று ஆள் வந்து தரையில் பெயின்ட் அடித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். பணம் கிடையாது.

அளந்தது போக, காற்றையும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறேன். நீ வழக்கமாக வெளியே உட்காரக்கூடிய அதே நேரத்தில், ஏழு மணியோ எட்டு மணியோ, பிட் வைக்க நினைக்கிற இடத்தில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மண்தொட்டியில் குத்தி வை. புகை நேரே மேலே போகிறதா, உன் வீட்டுக் கதவைத் தேடி வருகிறதா, பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குப் போகிறதா என்று பார். நாலைந்து சாயங்காலம் பார்த்தால் காற்றின் போக்கு பிடிபட்டுவிடும். இரண்டு வீட்டுக்கு நடுவில் காற்று சுழன்று அடிக்கிற மூலை ஒன்று எப்போதும் இருக்கும். கண்ணுக்கு அழகான மூலையாகவும் அதுதான் இருக்கும். அங்கே வைத்தால் உட்காருகிற எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாற்காலியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தலைக்கு மேலேயும் பார். மரக்கிளை, பெர்கோலா, துணிக்குடை, சீரியல் பல்பு தொங்கும் வயர் எதுவும் கூடாது. உன் வீட்டுச் சுவர் வைனல் சைடிங் என்றால் இன்னும் கவனம். 160, 165 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே அது தளர்ந்து நெளிய ஆரம்பித்துவிடும். நெருப்பு தொட வேண்டியதில்லை, வெப்பமே போதும். மர டெக்கின் மேல் விறகு பிட் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அடியில் விரிக்க வெப்பம் தாங்கும் பாய் விற்கிறார்கள். அது கீழே இறங்குகிற சூட்டைத் தடுக்குமே தவிர, ‘பட்’டென்று வெடித்து நாலடி தள்ளி விழுகிற கங்கைத் தடுக்காது.

விறகா, கேஸா

இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். இரண்டும் நெருப்புதான், ஆனால் இரண்டும் வேறு வேறு பழக்கம்.

விறகு கொடுக்கிற சூடு கேஸில் வராது. தணல் விழுந்த பிறகு அதிலிருந்து வருகிற அனல் பக்கவாட்டில் பரவி முழங்காலையும் முகத்தையும் தொடும். சோளக்கதிரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் தணலில் சுட்டுத் தின்னலாம். வாசனையும் சடசடவென்ற சத்தமும் வேறு. பதிலுக்கு அது உன் நேரத்தைக் கேட்கும். விறகு வாங்கி, நனையாமல் அடுக்கி, சுள்ளி சேர்த்து, மூட்டி, பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் ஒழுங்காக அணைத்து, மறுநாள் சாம்பல் அள்ள வேண்டும். வார நாளில் வேலை முடித்து வந்து அரை மணி நேரம் உட்காருவதற்கு விறகு மூட்டுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டில் ஆஸ்துமா இருந்தாலோ, ஊரிலிருந்து வந்திருக்கிற அப்பாவுக்கு இருமல் இருந்தாலோ விறகுப் புகை ஆகவே ஆகாது. அந்தப் புகையில் நுரையீரலுக்குள் ஆழமாக இறங்கக்கூடிய நுண்துகள்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தாலும் இதே கணக்குத்தான்.

கேஸ் என்றால் திருகி, பொத்தானை அமுக்கி, முப்பது நொடியில் நெருப்பு. எழுந்திருக்கும்போது திருகி அணைத்துவிட்டு உள்ளே வந்துவிடலாம். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இது பெரிய வசதி. ஆனால் சூட்டின் பெரும்பகுதி நேரே மேலே போய்விடும். சிகாகோவில் நவம்பரில் குளிர் காயலாம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். வாங்கும்போது பர்னரின் சூட்டைச் சொல்கிற பி.டி.யூ. எண்ணைப் பார். மேசை மாதிரி வருகிற ரகங்கள் பெரும்பாலும் 40,000-லிருந்து 60,000 பி.டி.யூ. வரை இருக்கும். அதற்குக் குறைந்தால் விளக்கு மாதிரி வெளிச்சம்தான், சூடு இல்லை.

செலவையும் கணக்குப் போட்டுக்கொள். ஒரு பவுண்டு புரொபேனில் ஏறக்குறைய 21,500 பி.டி.யூ. இருக்கிறது. கிரில்லுக்கு மாட்டுகிற அதே 20 பவுண்டு சிலிண்டரை முழுதாக நிரப்பினால், 50,000 பி.டி.யூ. பர்னரை முழு வேகத்தில் வைத்து எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எரிக்கலாம். பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துவருகிற கடைச் சிலிண்டரில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்பியிருப்பார்கள். அது ஆறரை மணி நேரம் வரும். அதனால் சிலிண்டரை மாற்றாமல், யு-ஹால் போன்ற இடங்களுக்கு எடுத்துப்போய் நிரப்பி வருவது லாபம். கடுங்குளிரில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்து சுடர் சின்னதாகும். அது பிட்டின் குறை இல்லை.

வீட்டுக் கேஸ் லைனிலிருந்தே இழுத்துக்கொள்வது இன்னும் சௌகரியம். ஆனால் அதற்கு லைசன்ஸ் உள்ள ஆள் வேண்டும், ஊரின் பெர்மிட் வேண்டும், குழாய் போகிற தூரத்தைப் பொறுத்து பிட்டின் விலையைவிட அதிகம் ஆகலாம். இந்த வீட்டில் பத்து வருஷம் இருக்கப் போகிறோம் என்று நினைத்தால் மட்டும் செய். புரொபேனுக்கு வாங்கிய பர்னரை அப்படியே நேச்சுரல் கேஸில் மாட்டக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டுக்கும் அழுத்தமும் துளை அளவும் வேறு. மாற்றுவதற்கு அந்தக் கம்பெனியின் ‘கன்வர்ஷன் கிட்’ வேண்டும்.

கேஸ் பிட் வாங்கும்போது மூன்றைப் பார்த்து வாங்கு. சி.எஸ்.ஏ. அல்லது யு.எல். பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். காற்றில் சுடர் அணைந்தால் கேஸும் தானாக நிற்கிற பாதுகாப்பு இருக்க வேண்டும். சிலிண்டர் வைக்கிற பெட்டியின் அடிப்பாகத்தில் காற்றோட்டத் துளைகள் இருக்க வேண்டும். புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, கீழே தேங்கும். அடியில் துளை இல்லாத அழகான கல் பெட்டிக்குள் தேங்கி நின்றால் அடுத்த தீப்பொறிக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பர்னரின் மேலே பரப்ப லாவா கல்லோ, அதற்கென்று விற்கிற டெம்பர்டு கண்ணாடியோ போடு. ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கல்லைப் போட்டால், உள்ளே சிக்கியிருக்கிற ஈரம் நீராவியாகிக் கல்லையே வெடிக்க வைக்கும். லாவா கல் மழையில் நனைந்திருந்தாலும் முதல் இருபது நிமிஷம் தள்ளியே உட்கார். விறகோ கேஸோ, கராஜுக்குள்ளும் நாலு பக்கமும் மூடிய பேட்டியோவிலும் மூட்டாதே. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

மேசைமேல் வைக்கிற குட்டி ஃபயர் பிட் ஒன்று எங்கே பார்த்தாலும் பரிசாகக் கொடுக்கிறார்களே, ஆல்கஹாலை ஊற்றி எரிக்கிறது, அதை மட்டும் வாங்காதே. யாராவது கொடுத்தாலும் மூட்டாதே. அதன் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால், நெருப்பு பாட்டிலுக்குள் ஏறி, எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் பீய்ச்சி அடிக்கும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில், இப்படித் திறந்த கிண்ணத்தில் ஊற்றி எரிக்கிற ரகங்களைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள் என்று வெளிப்படையாக எச்சரித்தது. 2019-லிருந்து இரண்டு மரணம், குறைந்தது 60 பேருக்குக் காயம் என்று அந்த அறிவிப்பே சொல்கிறது. சின்னதாக இருப்பதால் ஆபத்தும் சின்னது என்று நினைத்துவிடாதே.

புகையில்லாத ரகம் நிஜமாகவே புகையாதா?

இப்போது எல்லாரும் கேட்பது சோலோ ஸ்டவ், பிரியோ போன்ற ‘ஸ்மோக்லெஸ்’ பிட்களைப் பற்றித்தான். விறகை எரிக்க இடமும் அனுமதியும் இருக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

புகை என்பது முழுதாக எரியாமல் தப்பிப் போகிற பொருள்தான். ஊரில் ஆத்தா ஊதாங்குழலை வைத்து ஒரு ஊது ஊதினால் புகை அடங்கிக் குப்பென்று பிடிக்குமே, அதே காரியத்தை இந்த பிட் தானாகச் செய்கிறது. சுவர் இரட்டையாக இருக்கும். அடியில் உள்ள துளைகள் வழியாக நுழைகிற காற்று இரண்டு சுவருக்கு நடுவே சூடாகி மேலேறி, விளிம்புக்குக் கீழே உள்ள வரிசைத் துளைகளில் வெளிவரும். அந்தச் சூடான காற்று பட்டதும் புகை அங்கேயே மறுபடியும் தீப்பிடித்து எரிந்துவிடும். துளைக்குத் துளை சின்னச் சின்ன நாக்காகச் சுடர் நீட்டுவதைப் பார்க்கலாம்.

அதனால் மூட்டின முதல் பத்து, பதினைந்து நிமிஷம், சுவர் சூடாகும்வரை, இதுவும் புகையும். விறகை அந்த மேல்துளைகளைத் தாண்டி அடுக்கினாலும் புகையும். ஈர விறகு போட்டால் எந்த விலை கொடுத்து வாங்கிய பிட்டாக இருந்தாலும் புகையும். விறகு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதையும் கணக்கில் வை. நன்றாகக் காற்று கிடைப்பதால் மளமளவென்று எரியும். சூடு மேல்நோக்கிப் போகும், காலுக்கு அவ்வளவாக வராது. இரட்டைச் சுவர் கொதிக்கும்போது தண்ணீர் ஊற்றி அணைத்தால் தகடு நெளியும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். தானாக எரிந்து தணிய விட வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஆபத்து என்று வந்தால் தகட்டைப் பார்க்காதே, தண்ணீரை ஊற்று.

அளவு என்று பார்த்தால் சோலோ ஸ்டவ்வில் 15 அங்குலம், 19.5 அங்குலம், 27 அங்குலம் போன்ற அகலங்கள் உண்டு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 19.5 அங்குலமே தாராளம். 27 அங்குலத்தை வாங்கி வைத்தால், அதற்குத் தீனி போட்டு மாளாது.

தகடும் கல்லும்

சாதாரணத் தகடு பிட்டில் ஏமாறுவது அதன் கனத்தில்தான். கறுப்பு பெயின்ட் அடித்த மெல்லிய கிண்ணம் நூறு டாலருக்குள் கிடைக்கும். இரண்டு குளிர்காலம் வெளியே கிடந்தால் அடியில் துரு பிடித்து ஓட்டை விழும். தகட்டின் கனத்தை இங்கே ‘கேஜ்’ எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையக் கனம் அதிகம். 10 கேஜ் நல்ல கனமான தகடு, 20 கேஜ் மெல்லிசு. கடையில் எண் எழுதியிருக்காவிட்டால் தூக்கிப் பார். ஒரே கையால் சுலபமாகத் தூக்க முடிகிற அகலமான கிண்ணம் நாள்படாது. ஸ்டெயின்லெஸ் என்றால் 304 ரகமா என்று கேள். கார்ட்டன் ஸ்டீல் என்கிற, துருவே மேல்பூச்சாக மாறிக் காக்கிற தகடு பல வருஷம் உழைக்கும். ஆனால் முதல் சில மாதம் மழை பெய்யும்போதெல்லாம் துருத் தண்ணீர் வடிந்து சிமென்ட் தரையில் செம்பழுப்புக் கறை படியும். அதைச் சரளைக்கல்லின் மேல் வை. மண் அடுப்பு மாதிரி உள்ள சிமினேயா பார்க்கக் கண் நிறையும், மின்னசோட்டா குளிருக்குத் தாங்காது, உறைபனியில் விரிசல் விடும்.

எந்தப் பிட்டாக இருந்தாலும் அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்று குனிந்து பார். அதில்லாமல் மழைநீரும் சாம்பலும் சேர்ந்து ஊறினால் தகட்டை அரித்துவிடும்.

நாமே கட்டலாம் என்று ஆசைப்படுகிறவர்கள், ஹோம் டிப்போவில் விற்கிற சுவர்க் கல்லை நேரடியாக நெருப்புக்குக் காட்டக் கூடாது. உள்ளே ஒரு இரும்பு வளையமோ, ஃபயர் பிரிக் வரிசையோ வேண்டும். சாதாரண சிமென்ட் சூட்டில் தெறித்து உதிரும். அடியில் சிமென்ட் போடாமல் ஆறங்குலம் சரளை நிரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும்.

இடத்தின் மொத்த அளவையும் இப்போதே போட்டுப் பார். பிட் 3 அடி. அதன் விளிம்பிலிருந்து நாற்காலிக்கு 3 அடி இடைவெளி. நாற்காலிக்கு 3 அடி. அதன் பின்னால் ஆள் நடக்க 2 அடி. இரண்டு பக்கமும் சேர்த்தால் 19 அடி விட்டம் உள்ள வட்டம். நம் வீட்டு விசேஷத்துக்கு இருபது பேர் வருவார்களே என்று பெரிய பிட் வாங்க வேண்டாம். இருபது பேரும் ஒரே நேரத்தில் நெருப்பைச் சுற்றி உட்காருவதில்லை. பாதிப் பேர் எப்போதும் சமையலறையில்தான் இருப்பார்கள்.

விறகு வாங்குவதிலும் சூட்சுமம் உண்டு

ஓக், ஹிக்கரி மாதிரி கெட்டி மரம் நின்று எரியும். பைனும் செடாரும் பிசின் உள்ள மரங்கள், பொறி பறக்கும். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிற அளவு. அதற்குப் பிளந்து அடுக்கிக் குறைந்தது ஆறு மாதம் காய வேண்டும். ஈரம் காட்டுகிற சின்னக் கருவி இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கிறது. விறகைப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பார். கருவி இல்லையென்றால் இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார். காய்ந்தது ‘ணங்’கென்று கேட்கும், ஈரம் ‘தொப்’பென்று அடங்கும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கும்.

மொத்தமாக வாங்கினால் ‘கார்டு’ என்பது 4 அடிக்கு 4 அடிக்கு 8 அடி, அதாவது 128 கன அடி. ட்ரக்கில் கொட்டிவிட்டு ஒரு கார்டு என்று சொன்னால், அடுக்கி அளந்த பிறகு பணம் கொடு. வேறு ஊருக்குப் போய்விட்டு வரும்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று விறகைக் காரில் ஏற்றி வராதே. 2002-ல் டெட்ராய்ட் பக்கம் முதலில் கண்டுபிடித்த எமரால்டு ஆஷ் போரர் என்கிற வண்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைச் சாகடித்துவிட்டது. அது ஊர்விட்டு ஊர் போன வழிகளில் விறகும் ஒன்று.

பெயின்ட் அடித்த மரம், ப்ளைவுட், பழைய டெக்கைப் பிரித்த பலகை எதையும் போடக் கூடாது. 2004-க்கு முன்னால் போட்ட டெக் பலகைகளில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் வரும். புதர் வெட்டின குப்பையையும் போடாதே. அதில் பாய்சன் ஐவி கொடி கலந்திருந்தால் அந்தப் புகை நுரையீரலையே புண்ணாக்கும். போகிக்குப் பழையதைக் கொளுத்த வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் காய்ந்த விறகோடு ஒரு பழைய கோரைப்பாயின் துண்டைப் போட்டு மூட்டிக் காட்டு, போதும். பிளாஸ்டிக், துணி, அட்டைப்பெட்டி வேண்டாம். வீட்டுக் குப்பையை எரிப்பது நிறைய மாநிலங்களில் குற்றம். மூட்டுவதற்குச் சுள்ளியும், கடையில் விற்கிற மெழுகுக் கட்டியும் போதும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பக்கத்திலேயே வரக் கூடாது.

சேலையும் துப்பட்டாவும்

இங்கே எழுதுகிற பாதுகாப்புக் குறிப்புகளில் இது இருக்காது, அதனால் நான் சொல்கிறேன். தீபாவளிக்கும் நவராத்திரிக்கும் வருகிறவர்கள் ஜார்ஜெட்டும் பாலியஸ்டரும் கட்டிக்கொண்டு, பாவாடை தாவணியோடு, நேராக நெருப்புப் பக்கம்தான் வருவார்கள். செயற்கை இழை தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும். முந்தானையை இழுத்துச் செருகச் சொல், துப்பட்டாவை முடிச்சுப் போடச் சொல், பிள்ளைகளுக்கு உடை மாற்றிவிடு. கூச்சப்படாதே, வீட்டுக்காரி சொன்னால் கேட்பார்கள். செருப்பில்லாமல் யாரும் வர வேண்டாம். பிட்டைச் சுற்றி மூன்றடிக்குச் சாக்பீஸால் வட்டம் போட்டு, குழந்தைகள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு. மறுநாள் காலையிலும் அந்தக் கோடு செல்லும். மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்திருக்க, அடியில் கங்கு உயிரோடு இருக்கும்.

சுட்டுவிட்டால் ஓடுகிற சாதாரணக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டு. ஐஸ் வேண்டாம். டூத்பேஸ்ட், இங்க், நெய், இட்லி மாவு எதுவும் தடவ வேண்டாம். அம்மா பக்கத்திலிருந்து தடவச் சொன்னாலும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலும், முகம், கை, மூட்டு என்றாலும் டாக்டரிடம் கொண்டுபோ.

சாதாரண விறகு பிட்டை அணைக்க, தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே விறகு போடுவதை நிறுத்திவிடு. தணலைப் பரப்பி, தண்ணீரை மெல்லத் தெளித்து, கிளறி, மறுபடி தெளி. ‘உஸ்’ என்கிற சத்தம் நின்று, புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனால் சூடு தெரியாமல் இருந்தால்தான் உள்ளே போக வேண்டும். வார்ப்பு இரும்பு என்றால் கொதிக்கும்போது தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், அதனால் தணலின் மேல் மணலைப் போட்டு மூடு.

சாம்பலைக் காகிதப் பையிலோ பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியிலோ கொட்டாதே. பல நாள் கழித்தும் உள்ளே கங்கு இருக்கும். ஆறினதை உரமாகப் போடலாமா என்று கேட்பாய். சாம்பல் மண்ணின் காரத்தைக் கூட்டும். டாலஸ் பக்கத்துக் களிமண் ஏற்கெனவே காரமானது, அங்கே வேண்டாம். எந்த ஊராக இருந்தாலும் கறிவேப்பிலைத் தொட்டியில் மட்டும் போடாதே. அது லேசான புளிப்பு மண்ணை விரும்புகிற செடி, சாம்பல் கண்டால் இலை வெளுத்துப்போகும். அவ்வளவு பாடுபட்டு வளர்க்கிற செடி அது.

ஆக, பிட் வாங்குகிற அன்றைக்கே கூடவே இந்த மூன்றையும் வாங்கிவிடு: இறுக்கமான மூடி உள்ள இரும்பு வாளி, பிட்டின் அகலத்துக்கு ஏற்ற கம்பிவலை மூடி, பின்கட்டுக் குழாயிலிருந்து பிட்வரை எட்டுகிற தண்ணீர் ஹோஸ். மூன்றும் சேர்த்து நூற்றைம்பது டாலருக்குள் முடிந்துவிடும். வாளியை வீட்டிலிருந்தும் டெக்கிலிருந்தும் பத்தடி தள்ளி வெறும் தரையில் வை. அதற்கும் முன்னால், நாளைக்குக் காலையில் உன் ஊர் ஃபயர் டிபார்ட்மென்டின் அலுவலக எண்ணுக்கு, 911-க்கு அல்ல, ஒரு போன் போட்டு விறகு எரிக்கலாமா, எத்தனை அடி தள்ளி என்று கேட்டுக்கொள்.